தோழி குடும்பத்தின் கேம்பிங்குக்குக் குழந்தைகளோடு போகலாமா?

கேள்வி:

வணக்கம் அக்கா. கோயம்புத்தூரிலிருந்து டொராண்டோ வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஸ்கார்பரோவில் இருக்கிறோம். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 5. என்னோடு வேலை பார்க்கும் தோழி இங்கேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பா அம்மா வருடா வருடம் ஆகஸ்டில் அல்கான்குவின் என்ற பெரிய காட்டுப் பூங்காவில், லேக் ஆஃப் டூ ரிவர்ஸ் ஏரிக்கரையில் டென்ட் போட்டுத் தங்குவார்கள். தோழி சின்னப் பிள்ளையாக இருந்ததிலிருந்தே அது அவர்கள் வழக்கமாம். இந்த வருடம் என்னையும் குழந்தைகளையும் கூப்பிடுகிறார். வியாழக்கிழமை அவருடைய காரில் கிளம்பி ஞாயிறு திரும்புவதாகத் திட்டம். அங்கே அவருடைய பெற்றோர், தம்பி, தம்பி மனைவி எல்லோரும் இருப்பார்கள். என் கணவருக்கு லீவு கிடைக்காது, "நீங்க போயிட்டு வாங்க" என்கிறார். ஊரில் அம்மா, "கரடி இருக்கிற காட்டுக்குப் புள்ளைங்களைக் கூட்டிட்டுத் தனியா போறியா" என்று போனில் அழுகிறார். நாங்கள் சைவம். நான் டென்ட்டில் தூங்கியதே இல்லை. பாத்ரூம் எப்படி இருக்கும், பீரியட்ஸ் வந்துவிட்டால் என்ன செய்வது, எதையெல்லாம் வாங்க வேண்டும், ஒன்றும் புரியவில்லை. போகலாமா?

ஒரு வாசகி, ஸ்கார்பரோ

பதில்:

வணக்கம். போய்விட்டு வாருங்கள்.

கனடாவுக்குப் புதிதாக வந்த குடும்பங்களை ஏரிக்கரைகளுக்கு அழைத்துப் போய் கேம்பிங் பழக்குவதுதான் என் வேலை. அவர்களில் பலர் உங்களைவிடச் சிரமமான நிலையில்தான் முதல் இரவைத் தொடங்குகிறார்கள். இடம் புதிது, பக்கத்தில் தெரிந்தவர் யாரும் இல்லை, டென்ட்டை எப்படி நிறுத்துவது என்பதையே அங்கே வந்துதான் கற்றுக்கொள்கிறார்கள். உங்களுக்கோ அந்த ஏரியையும், அந்த மண்ணில் மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதையும் அறிந்த ஒரு குடும்பமே துணைக்கு இருக்கிறது. முதல் முறைக்கு இதைவிட நல்ல வாய்ப்பு எளிதில் அமையாது.

உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே தந்திருக்கிறேன். முழுக் கடிதத்தில் கரடி திரும்பத் திரும்ப வருகிறது. கார் பயணத்தைப் பற்றியும் ஏரியைப் பற்றியும் ஒரு கேள்விகூட இல்லை. குழந்தைகளோடு போகும்போது நான் முதலில் கவலைப்படுவது அந்த இரண்டைப் பற்றியும், அப்புறம் இரவுக் குளிரைப் பற்றியும்தான். கரடி அதற்கெல்லாம் பிறகு வருகிறது. அம்மா அழுகிறார் என்பதால் அதை முதலில் பேசி முடித்துவிடலாம்.

அங்கே இருப்பவை கருங்கரடிகள். ஆபத்தே இல்லை என்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த மாட்டேன். 1978 மே மாதம் அந்தப் பூங்காவில் மீன் பிடிக்கப் போன மூன்று சிறுவர்களைக் கரடி கொன்றது. 1991 அக்டோபரில் ஒபியாங்கோ ஏரியின் தீவு ஒன்றில் தங்கியிருந்த இரண்டு பேர் இறந்தார்கள். இத்தனை ஆண்டுகள் கழித்தும் வழிகாட்டிகளான நாங்கள் இந்த இரண்டையும் பேசுகிறோம் என்றால், அவை அவ்வளவு அபூர்வம். வருடத்துக்குப் பல லட்சம் பேர் வந்து போகும் இடம் அது. பொதுவாகக் கருங்கரடி மனிதரைக் கண்டால் விலகிப் போகும். அதை டென்ட் பக்கம் வரவைப்பது சாப்பாட்டு வாசனைதான்.

எனவே சாப்பாட்டு விஷயத்தில் கறாராக இருங்கள். சாப்பிட்டு முடித்ததும் ஐஸ் பெட்டி, மளிகைப் பை, எண்ணெய் பாட்டில், அடுப்பு, குப்பை எல்லாம் காருக்குள் போய்ப் பூட்டப்பட வேண்டும். ராத்திரிக்கு மட்டும் செய்தால் போதாது, நீச்சலுக்குப் போகிற அரை மணி நேரத்துக்கும் இதே விதிதான். டூத் பேஸ்ட், சோப்பு, லிப் பாம் எல்லாம் கரடியின் மூக்குக்குச் சாப்பாடுதான். குழந்தையின் பாக்கெட்டில் இருக்கும் ஒரு மிட்டாய்கூட டென்ட்டுக்குள் போகக் கூடாது. சாம்பார் மிச்சத்தைப் புதர் ஓரமாகக் கொட்டவே கூடாது, பாத்திரம் கழுவிய தண்ணீரையும் அதற்கென்று ஒதுக்கிய இடத்தில்தான் ஊற்ற வேண்டும். மேஜை மேல் சாப்பாட்டை விட்டுவிட்டுப் போனால் பூங்கா ஊழியர்கள் அபராதம் போடுவார்கள். அது உங்களுக்கு மட்டுமான பாதுகாப்பும் இல்லை. மனிதச் சாப்பாட்டுக்குப் பழகிய கரடி திரும்பத் திரும்ப வரும். கடைசியில் அதைச் சுட்டுக் கொல்ல வேண்டிய நிலைகூட வரலாம்.

ஒருவேளை கரடி எதிரே வந்துவிட்டால் ஓடாதீர்கள், மரத்தில் ஏறாதீர்கள். மகனைத் தூக்கிக்கொள்ளுங்கள், மகளைப் பக்கத்தில் இழுத்துக்கொள்ளுங்கள். அதைப் பார்த்தபடியே மெதுவாகப் பின்னால் நகருங்கள். அது விலகிப் போக வழி இருக்கட்டும். விலகாமல் கிட்டே வந்தால் உரக்கக் கத்துங்கள், கையில் கிடைத்ததை எறியுங்கள். அசையாமல் செத்தது போலக் கிடந்தால் போய்விடும் என்று நம் ஊர்க் கதைகளில் வருவதை நம்பாதீர்கள். கருங்கரடி தாக்க வந்தால் எதிர்த்துப் போராட வேண்டும் என்பதுதான் இங்கே எல்லோருக்கும் சொல்லித் தரும் பாடம். இதைக் குழந்தைகளிடம் இப்போதே, வீட்டில் வைத்தே, பயமுறுத்தாமல் சொல்லிக் கொடுங்கள். பெரும்பாலும் நீங்கள் பார்க்கப்போவது கோடு போட்ட சிப்மங்க் அணிலும், ராத்திரியில் பாத்திரத்தை உருட்டும் ரக்கூனும்தான்.

இனி சாலை. ஸ்கார்பரோவிலிருந்து 401-ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்து, 400-இல் வடக்கே ஏறி, பாரி தாண்டி 11-க்கு மாறி, ஒரிலியா, கிரேவன்ஹர்ஸ்ட் வழியாக ஹன்ட்ஸ்வில் போய், அங்கே 60-ஆம் நெடுஞ்சாலையில் திரும்பினால் பூங்காவின் மேற்கு வாயில். நல்லபடியாகப் போனால் மூன்றரை மணி நேரம் ஆகும். சாப்பாடு, பாத்ரூம் என்று குழந்தைகளுக்காக நிறுத்தி நிறுத்திப் போனால் ஐந்து. வெள்ளி மதியத்துக்கு மேல் 400-இல் கார்கள் ஊர்ந்துதான் போகும், காட்டேஜ் எனும் விடுமுறை வீடு வைத்திருப்பவர்கள் எல்லோரும் அந்த நேரத்தில்தான் வடக்கே கிளம்புவார்கள். நீங்கள் வியாழக்கிழமை போவது நல்ல முடிவு. ஆனால் காலையிலேயே கிளம்புங்கள். மதியம் 2 மணியிலிருந்து இடம் உங்களுக்குக் கிடைக்கும். வெளிச்சம் இருக்கும்போதே டென்ட் போட்டு, அடுப்பு மூட்டி, குழந்தைகளைப் பாத்ரூம் வழியில் ஒரு முறை நடத்திக் காட்டிவிட வேண்டும். இருட்டிய பிறகு வந்து சேர்ந்து, அழுகிற குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு டார்ச் வெளிச்சத்தில் டென்ட் கம்பி தேடும் குடும்பங்களை ஒவ்வொரு கோடையும் பார்க்கிறேன். அப்படித் தொடங்குபவர்கள் அடுத்த வருடம் வருவதில்லை.

காலையில் கிளம்பச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு, மூஸ். மான் இனத்திலேயே பெரியது. ஆண் மூஸ் ஐந்நூறு கிலோவைத் தொடும். கால் நெட்டையாக இருப்பதால் கார் மோதினால் காலைத்தான் இடிக்கும், அந்த முழு உடம்பும் கண்ணாடியை உடைத்துக்கொண்டு முன் சீட்டில் விழும். கருத்த உடம்பு. கண் நம் ஹெட்லைட்டுக்கு மேலே இருப்பதால் வெளிச்சத்தில் மின்னவும் மின்னாது. 60-ஆம் நெடுஞ்சாலையில் அந்தி மங்கியதற்குப் பிறகும் விடியலுக்கு முன்பும் காரை எடுக்க வேண்டாம் என்று தோழியிடம் இப்போதே பேசிவிடுங்கள். தவிர்க்க முடியாவிட்டால் வேகத்தைக் குறையுங்கள், பக்கத்து சீட்டில் இருப்பவர் தூங்காமல் சாலை ஓரங்களைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். மூஸ் குறுக்கே வந்தால் பிரேக்கை அழுத்துங்கள். சட்டென்று ஸ்டீயரிங்கை ஒடித்தால் மரத்தில் மோதுவீர்கள், அல்லது எதிரே வரும் லாரியில். ஞாயிறு திரும்பும்போதும் இதை மறக்காதீர்கள். கடைசி நாளில் கிளம்ப மனம் வராமல் நேரம் தள்ளிப் போவது எல்லோருக்கும் நடப்பதுதான்.

தோழியின் காரில் போவதால் உங்கள் மகனின் சீட்டை அதில் மாட்ட வேண்டியிருக்கும். நம் ஒன்டாரியோ மாகாணச் சட்டப்படி 8 வயதுக்குக் கீழே, 18-லிருந்து 36 கிலோவுக்குள், 145 செ.மீ. உயரத்துக்குக் குறைவாக இருக்கும் குழந்தைக்கு, பெல்ட் சரியாகப் பொருந்தும்படி உயர்த்தி உட்கார வைக்கும் பூஸ்டர் சீட் கட்டாயம். 18 கிலோ எட்டவில்லை என்றால் உடம்பை ஐந்து இடத்தில் பிடிக்கும் பட்டை கொண்ட சீட்டில்தான் உட்கார வைக்க வேண்டும். மகளுக்குச் சட்டம் கேட்காது. ஆனால் 145 செ.மீ. இல்லாவிட்டால் பெல்ட் கழுத்தில்தான் உரசும், அவளுக்கும் பூஸ்டர் நல்லது. முந்தின நாளே மாட்டிப் பாருங்கள். பார்க்கிங்கில் குழந்தைகள் காத்திருக்க, பெல்ட்டோடு போராடுவது நல்ல தொடக்கம் இல்லை. தோழி களைத்தால் நீங்கள் ஓட்டுவீர்களா என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். இங்கே காப்பீடு காரோடு போகும். நீங்கள் இடித்தாலும் தோழியின் பிரீமியம்தான் ஏறும், அது அவருக்குச் சம்மதமா என்று கேட்க வேண்டும். ஹன்ட்ஸ்வில்லில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு, அம்மாவுக்கு அங்கிருந்தே போன் போட்டுவிடுங்கள். பூங்காவுக்குள் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும்.

கடிதத்தில் தண்ணீரைப் பற்றி நீங்கள் கேட்காததுதான் எனக்குப் பெரிய கவலை. உங்களுக்கு நீச்சல் தெரியுமா? குழந்தைகளுக்கு? நம் ஊரிலிருந்து வரும் குடும்பங்களில் அம்மாக்களுக்குப் பெரும்பாலும் தெரியாது. குழந்தைகள் இங்கே பள்ளி வழியாக நாலு வகுப்பு போயிருப்பார்கள், குளோரின் குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நீந்தியிருப்பார்கள். ஏரி வேறு. அடி தெரியாது, நாலு அடி தள்ளி மணல் சட்டென்று சரியும், மேலே இளஞ்சூடாக இருக்கும் தண்ணீர் கீழே சில்லென்று இருக்கும். குளிர் பட்டதும் மூச்சு இழுக்கும், கை கால் சொன்னபடி கேட்காது. ஒன்டாரியோ மாகாணப் பூங்காக்களின் ஏரிக்கரைகளில் லைஃப்கார்டு கிடையாது. விசில் அடிக்க யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

அந்தப் பூங்காவிலேயே கனூ ஏரி என்று ஒன்று இருக்கிறது. கனடாவின் புகழ்பெற்ற ஓவியர் டாம் தாம்சன் 1917 ஜூலையில் அங்கே படகில் கிளம்பிப் போனவர், எட்டு நாள் கழித்து உடலாகத்தான் கிடைத்தார். அவர் எப்படி இறந்தார் என்பதில் இன்றுவரை சர்ச்சை உண்டு, பதிவில் இருப்பது நீரில் மூழ்கி என்று. அந்த ஏரிகளில் துடுப்புப் போட்டுப் பழகியவர், வழிகாட்டியாக வேலை பார்த்தவர். ஏரியை நன்றாகத் தெரியும் என்று யார் சொன்னாலும் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். குழந்தைகள் கரையை விட்டு இறங்கும் ஒவ்வொரு முறையும் அவரவர் எடைக்கேற்ற லைஃப் ஜாக்கெட் போட்டிருக்க வேண்டும். சிறுவர் அளவு 14-லிருந்து 27 கிலோ வரை, அதற்கு மேல் 41 கிலோ வரை அடுத்த அளவு. போட்டுப் பட்டைகளை இறுக்கிய பிறகு தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள், காதுக்கு மேல் ஏறினால் அது பெரிது. தோழி வீட்டில் பழைய ஜாக்கெட்டுகள் இருக்கும், ஆனால் உங்கள் பிள்ளைகளின் அளவுக்கு இருக்குமா என்று தெரியாது. புதிதாக எதை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இந்த இரண்டை மட்டும் வாங்கிவிடுங்கள். கையில் மாட்டும் பலூன், ரப்பர் வளையம் எல்லாம் விளையாட்டுச் சாமான், பாதுகாப்பு இல்லை. மகன் தண்ணீரில் இருக்கும்போது அவனைக் கை நீட்டிப் பிடிக்கும் தூரத்தில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும். எட்டு பேர் கரையில் உட்கார்ந்திருந்தால் எட்டு பேரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்றுதான் நினைப்பார்கள். அதனால், "இப்போது இவனை நான் பார்க்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். எழுந்து போக வேண்டும் என்றால், "இனி நீங்கள் பாருங்கள்" என்று ஒருவர் பெயரைச் சொல்லி ஒப்படைத்துவிட்டுப் போங்கள். படகில் ஏறினால் நீங்களும் ஜாக்கெட் போட வேண்டும், போட்டோவுக்காகக் கழற்றக் கூடாது. பியர் குடித்த பிறகு யாராவது, "வாங்க, ஒரு ரவுண்டு படகில் போகலாம்" என்று கூப்பிட்டால் குழந்தைகளை அனுப்ப வேண்டாம். அவர்கள் எவ்வளவு அன்பானவர்களாக இருந்தாலும் சரி. மரியாதையாக மறுத்தால் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

மூன்றாவது குளிர். டொராண்டோவில் ஆகஸ்ட் ராத்திரிகளில் ஃபேன் போட்டுத் தூங்குவோம். அல்கான்குவின் மேட்டு நிலம், அங்கே அதே மாதத்தில் பத்து டிகிரிக்கு இறங்குவது சாதாரணம், சில இரவுகளில் அதற்கும் கீழே போகும். பலர் தடித்த ஸ்லீப்பிங் பேக்கை வாங்கிவிட்டுத் தரையை மறந்துவிடுகிறார்கள். உடம்புச் சூட்டை உறிஞ்சுவது தரைதான். அடியில் நல்ல நுரை மெத்தை இருந்தால் வீட்டுக் கம்பளியை வைத்தே சமாளிக்கலாம். அடியில் ஒன்றும் இல்லாமல் விலை உயர்ந்த பேக்கில் படுத்தாலும் விடிய விடிய நடுங்குவீர்கள். காற்றடைக்கும் பெரிய மெத்தைகளும் கோடைக்கு வசதியாகத் தெரியும், ஆனால் உள்ளே இருக்கும் காற்று ராத்திரியில் ஆறிப்போய்க் குளிரும். அதன் மேலே ஒரு கம்பளியை விரித்துவிட்டுப் படுங்கள்.

தூங்குவதற்கென்று ஆளுக்கு ஒரு செட் உலர்ந்த உடுப்பைத் தனிப் பையில் கட்டி, பகலில் அதைத் தொடாமல் வைத்திருங்கள். பருத்தி நனைந்தால் லேசில் காயாது. ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். கம்பளி சாக்ஸும், காதை மூடும் குல்லாவும் எடுத்து வையுங்கள், ஊரில் தாத்தா மார்கழியில் போடும் குரங்குக் குல்லா இருந்தால் அதுவே போதும். டென்ட்டுக்குள் அடுப்போ கரியோ எந்தக் காரணத்துக்காகவும் கொண்டு போகாதீர்கள், மழை பெய்தாலும், குழந்தை நடுங்கினாலும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். மழைக்கு வெளியே ஒரு தார்ப்பாய் கட்டி அதன் கீழே சமைக்கலாம். தோழியின் அப்பா கட்டாயம் ஒன்று வைத்திருப்பார்.

வாங்க வேண்டியவை என்று நீண்ட பட்டியல் வேண்டாம். லைஃப் ஜாக்கெட், தரை மெத்தை, தலையில் மாட்டும் டார்ச் ஆளுக்கு ஒன்று, மழைக்கோட்டு, அவ்வளவுதான். டென்ட்டையும் ஸ்லீப்பிங் பேக்கையும் முதலில் தோழியிடம் கேளுங்கள், இத்தனை வருடம் போகிறவர்கள் வீட்டில் கூடுதலாக இருக்கும். நாலு பேர் டென்ட் என்று எழுதியிருந்தால் அதில் மூன்று பேர் படுக்கலாம், உங்கள் மூவருக்கும் சரியாக இருக்கும். பூச்சிக்கு ஐகாரிடின் என்ற மருந்து 20 சதவீதம் உள்ள ஸ்பிரே வாங்குங்கள், அதை ஆறு மாதக் குழந்தைக்கு மேல் எல்லோருக்கும் போடலாம். டீட் என்ற மருந்து உள்ளதாக இருந்தால் உங்கள் பிள்ளைகள் வயதுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் கூடாது. மே, ஜூனில் ரத்தம் குடிக்கும் கருப்பு ஈ ஆகஸ்டில் இருக்காது, கொசுவும் குறைந்திருக்கும். விறகை மட்டும் வீட்டிலிருந்து கொண்டு போகாதீர்கள். 2002-இல் வின்ட்சர் பக்கம் முதலில் தென்பட்ட ஒரு பச்சை வண்டு மாகாணம் முழுக்க ஆஷ் மரங்களை அழித்துக்கொண்டிருக்கிறது. அது விறகோடுதான் ஊர் ஊராகப் பயணம் போகிறது. பூங்காவிலேயே விறகு விற்பார்கள்.

சைவம் என்பதைத் தோழியிடம் சொல்லியிருப்பீர்கள், அவருடைய அம்மாவிடமும் நீங்களே ஒரு முறை சொல்லிவிடுங்கள். சமைப்பவர் அவராகத்தான் இருப்பார். இங்கே பலருக்குச் சைவம் என்றால் மாட்டிறைச்சி இல்லை, கோழி பரவாயில்லை என்ற அளவுக்குத்தான் தெரியும். கிரில்லில் பர்கர் போட்ட அதே கம்பியில் உங்கள் காய் வேகும் என்பதை அவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். அதனால் உங்களுக்கென்று ஒரு தோசைக்கல்லும் இடுக்கியும் கொண்டு போங்கள். "எங்களுக்கு இது போதும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னால் சங்கடம் இல்லாமல் முடிந்துவிடும். நெருப்பில் வாட்டித் தின்னும் பஞ்சு போன்ற மிட்டாயான மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் இருக்கிறது, அது விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. நெருப்பைச் சுற்றி உட்கார்ந்ததும் குழந்தைகள் கையில் முதலில் கொடுக்கப்போவது அதைத்தான். ஜெலட்டின் இல்லாத வகை டொராண்டோ கடைகளில் கிடைக்கும். ஒரு பாக்கெட் முன்பே வாங்கிப் பையில் வையுங்கள், குழந்தைகள் மட்டும் வெறுங்கையோடு உட்கார வேண்டியிருக்காது.

முதல் நாளுக்குப் புளிசாதம், அதற்கு ஐஸ் தேவையில்லை. வறுத்த ரவையை வீட்டிலேயே தாளித்துக் கொண்டு போனால் கொதிக்கிற தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடத்தில் உப்புமா. பொடி, நல்லெண்ணெய், சப்பாத்தி, தயிர், ஊறுகாய். டிகாஷனைப் பாட்டிலில் எடுத்துப் போங்கள். அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் சமையலை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். மக்காச்சோளத்தைத் தணலில் சுட்டு, எலுமிச்சை மூடியில் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தேய்த்துக் கொடுங்கள். நான் அழைத்துப் போகும் இடங்களில் கடைசிக் கதிர் வரை காலியாகும் ஒரே பண்டம் அதுதான்.

பாத்ரூம் பற்றி நிம்மதியாக இருங்கள். லேக் ஆஃப் டூ ரிவர்ஸில் ஃப்ளஷ் டாய்லெட்டும் வெந்நீர் ஷவரும் உள்ள கட்டடம் இருக்கிறது, துணி துவைக்கும் மெஷின்கூட உண்டு. உங்கள் டென்ட்டிலிருந்து கொஞ்சம் நடக்க வேண்டியிருக்கும். ராத்திரியில் மகளைத் தனியாக அனுப்பாமல் இருவரும் சேர்ந்து போங்கள். பீரியட்ஸ் வந்தாலும் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம். அந்த வாசனைக்குக் கரடி வரும் என்று பெண்களிடம் காலங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் கருங்கரடிகளை வைத்தே இதைச் சோதித்துப் பார்த்து, 1991-இல் முடிவை வெளியிட்டார்கள். கரடிகள் அதைக் கண்டுகொள்ளவில்லை. பயன்படுத்திய நாப்கினைக் காகிதத்தில் சுற்றி மூடும் பையில் போட்டுக் குப்பைத் தொட்டியில் சேர்த்துவிடுங்கள், டாய்லெட் குழியில் போட வேண்டாம். இவ்வளவுதான் விஷயம்.

அவர்கள் குடும்பத்துக்குள் ஒருவராய்ப் போவது பற்றியும் சொல்ல வேண்டும். அந்த ஏரிக்கரை அவர்களுக்கு வெறும் சுற்றுலா இடம் இல்லை. நாம் ஒரு தோழியைக் கோடை விடுமுறைக்கு அமுச்சி வீட்டுக்குக் கூட்டிப் போவதைப் போலத்தான் அவர் உங்களைக் கூட்டிப் போகிறார். அங்கே சொல்லாமலே நடக்கும் வழக்கங்கள் இருக்கும். யார் நெருப்பு மூட்டுவது, எந்த நாற்காலி யாருடையது, எந்தப் பாறையிலிருந்து முதல் நாள் குதிப்பது. முதல் நாள் கொஞ்சம் கவனித்துவிட்டு அப்புறம் சேர்ந்துகொள்ளுங்கள். தண்ணீர் பிடித்து வருவது, பாத்திரம் கழுவுவது, இந்த இரண்டையும் கேட்காமலே செய்யலாம். பெட்ரோலுக்கும் தங்கும் கட்டணத்துக்கும் உங்கள் பங்கைக் கிளம்புவதற்கு முன்பே பேசிவிடுங்கள். வேண்டாம் என்றால் விறகும் ஐஸும் நீங்கள் வாங்குங்கள். சாயங்காலம் அவர்கள் குடித்தால் அது இங்கே சாதாரணம், நீங்கள் குடிக்கவில்லை என்பதற்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. பத்து மணிக்கு மேல் முகாம் முழுக்கச் சத்தம் அடங்கிவிட வேண்டும் என்பது விதி.

அம்மாவுக்கு நீங்கள் தனியாகப் போகவில்லை என்பது புரிந்தால் பாதிப் பயம் போய்விடும். தோழியின் அம்மாவோடு வீடியோவில் ஒரு முறை பேச வையுங்கள், பாஷை புரியாவிட்டாலும் பரவாயில்லை. முகாமின் பெயரையும் உங்கள் இட எண்ணையும் கணவரிடமும் அம்மாவிடமும் எழுதிக் கொடுங்கள். போன் வராவிட்டால் கவலைப்பட வேண்டாம், ஞாயிறு இருட்டுவதற்குள் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் மனசுக்கும் ஒன்று சொல்கிறேன். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலோ, உங்களுக்கே பிடிக்காமல் போனாலோ நடுவில் திரும்பலாமா என்று தோழியிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். நல்ல தோழி என்றால் சரி என்பார். திரும்ப வழி இருக்கிறது என்று தெரிந்தாலே பெரும்பாலும் யாரும் திரும்புவதில்லை.

குழந்தைகளுக்கு அங்கே பொழுது போகுமா என்று கேட்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். 1893-இல் தொடங்கிய பூங்கா, கோவா மாநிலத்தைப் போல இரண்டு மடங்கு பரப்பு. அதன் தென்பகுதிக்குள் 56 கிலோமீட்டர் ஓடுகிறது அந்த 60-ஆம் சாலை. மேற்கு வாயிலிலிருந்து எத்தனையாவது கிலோமீட்டர் என்பதுதான் அங்கே முகவரி. 42-ஆவது கிலோமீட்டர் பக்கம் ஸ்ப்ரூஸ் பாக் என்ற சதுப்பின் மேல் பலகைப் பாதை இருக்கிறது, ஒன்றரை கிலோமீட்டர்தான், உங்கள் மகனே நடந்துவிடுவான். மகளுக்கு லுக்அவுட் மலைப்பாதை பிடிக்கும். ஏற்றம் கொஞ்சம் செங்குத்து, உச்சியில் கம்பி வேலி கிடையாது, கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் வியாழக்கிழமைகளில், ஓநாய்க் கூட்டம் சாலைக்குப் பக்கத்தில் இருந்தால், பூங்கா ஊழியர்கள் எல்லோரையும் அழைத்துப் போய் ஊளையிட்டு ஓநாயைப் பதில் கொடுக்க வைப்பார்கள். 1963-லிருந்து நடக்கிறது. நீங்கள் போய்ச் சேரும் நாளும் வியாழன்தான். அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். கார்கள் வரிசையாக, மெதுவாகப் போகும் ஏற்பாடு அது என்பதால், இரவில் கார் எடுக்காதீர்கள் என்று சொன்னதற்கு இது ஒன்றுதான் விலக்கு. அதிலும் தோழி களைப்பாக இருந்தால் வேண்டாம்.

கடைசியாக, இந்த வாரமே செய்ய வேண்டிய ஒரு வேலை. ஒன்டாரியோ மாகாணப் பூங்காவில் ஒரு இடத்துக்கு ஆறு பேர்தான் கணக்கு. ஒரே குடும்பமாக இருந்தால் மட்டும்தான் அதற்கு மேல் விடுவார்கள். தோழி, அவருடைய பெற்றோர், தம்பி, தம்பி மனைவி என்று ஐந்து பேர், நீங்கள் மூவர். அவர்கள் ஒரே ஒரு இடத்தைத்தான் பதிவு செய்திருந்தால் வாயிலில் சிக்கல் வரும். ஒரு இடத்துக்கு ஒரு காருக்குத்தான் அனுமதி, இரண்டாவது காருக்குத் தனிக் கட்டணம். முன்பதிவு ஐந்து மாதத்துக்கு முன்பே திறந்துவிடுவதால் ஆகஸ்ட் முழுக்க நிரம்பித்தான் இருக்கும். ஆனால் ரத்தாகும் இடங்கள் அவ்வப்போது வந்துகொண்டே இருக்கும். தோழியிடம் எத்தனை இடம் பதிவாகியிருக்கிறது என்று நாளைக்கே கேளுங்கள். ஒன்றுதான் என்றால் காலையிலும் ராத்திரியிலும் பூங்காவின் முன்பதிவுப் பக்கத்தைத் திறந்து, அதே முகாமில் பக்கத்து வரிசையில் ஏதாவது விடுபட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள்.